பல்லைக் கடிச்சுக்கோங்க, அண்ணி

நாத்தனார் கையில் இரும்புக் குறட்டைக் கொடுத்து, அவள் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு படுக்க எந்த அண்ணியாவது சம்மதிப்பாளா? நான் சம்மதித்தேன். அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில், நல்ல புடவை கட்டிக்கொண்டு போய்ச் சம்மதித்தேன்.

ஊருக்கு அவள் பல் சீரமைக்கும் டாக்டர். கிளினிக் வாசலில் பெயருக்குப் பின்னால் நீளமாக ஏதேதோ பட்டம் எழுதியிருக்கும். வீட்டில் அவளுக்கு ஒரே பட்டம்தான், பொடிசு. என் கணவருக்கு ரொம்பப் பிந்திப் பிறந்த தங்கை. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வாண்டு. என்னைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, கூடியிருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, "அண்ணி பல்லெல்லாம் பஸ்ல சீட்டுக்கு முண்டியடிக்கிற மாதிரி நிக்குது" என்று சொன்னாள். கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. என் மாமியார் அவள் தலையில் ஒன்று வைத்துவிட்டு, திரும்பி நின்று தானும் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய முடியும். ஆனால் சிரிக்கும்போது என் வலது கை தானாக எழுந்து வாயை மூடிக்கொண்டது. அன்றைக்கு ஏறிய கை இருபது வருஷமாகியும் இறங்கவில்லை.

எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் தெரியும். எல்லாப் படத்திலும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள், நான் மட்டும் இருமிக்கொண்டிருப்பதுபோல இருப்பேன்.

அவள் கிளினிக் திறந்த நாளிலிருந்தே என்னை நச்சரித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்கு மேல் பல்லுக்குக் கிளிப்பா, ஊர் சிரிக்கும் என்றேன். பல் நிறத்திலேயே பீங்கான் கிளிப் இருக்கிறது, ஒட்டினால் பக்கத்தில் வந்து பார்த்தால்தான் தெரியும் என்றாள். பீங்கான் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் கணவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவர் டைல் ஒட்டுகிறவர். எங்கள் தெருவில் பாதிக் குளியலறைகள் அவர் கைவண்ணம். உலகத்தில் நடக்கிற எந்தக் காரியத்தையும் டைலில் கொண்டுபோய் நிறுத்தாமல் அவருக்குச் சோறு இறங்காது. இனி வீட்டிலேயே பீங்கான் வேலை நடக்கப் போகிறது என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

ஒட்டுவதற்கு முன்னால் பொடிசு ஒவ்வொரு பல்லின் பின்னாலும் ஒரு சின்ன விளக்கை வைத்துப் பார்த்தாள். மேல் வரிசையில், நட்ட நடுவில், வலப்பக்கத்துப் பல்லில் வந்ததும் நின்றுவிட்டாள். மயிரிழை மாதிரி ஒரு விரிசல். நான் தையல்காரி. நூலை அறுக்கக் கத்தரிக்கோலைத் தேடுவதற்குள் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துவிடலாம், அதனால் நூலை எப்போதும் பல்லால்தான் கடித்து அறுப்பேன். எல்லா நூலையும் அந்த ஒரு பல்தான் அறுத்திருக்கிறது. அன்றைக்கே சின்னக் கத்தரி ஒன்றைக் கயிற்றில் கட்டி என் கழுத்தில் மாட்டிவிட்டாள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் போலீஸ்காரி மாதிரி அது கழுத்தில் இருக்கிறதா என்று பார்ப்பாள்.

பல்லெல்லாம் ஒழுங்காக வரிசைக்கு வந்து, இன்றைக்குக் கிளிப் கழற்ற வேண்டிய நாள். அவளுடைய உதவியாளருக்கு ஞாயிறு விடுமுறை. மற்ற நாள்களில் எனக்குத் தையல் ஒழியாது. வாயில் ஊறும் தண்ணீரை உறிஞ்சும் குழாயைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமென்றாள். என் கணவர் கேட்பதற்கு முன்பே கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றுவிட்டார். அவர் தோளுக்குப் பொருந்துகிற ஏப்ரன் அங்கே இல்லை. குழந்தைகளைப் பயமுறுத்தாமலிருக்க வைத்திருக்கும் கரடி பொம்மை போட்ட ரோஸ் நிற ஏப்ரனைக் கட்டிவிட்டாள். அதற்கு மேலே ஒரு மாஸ்க், கண்ணுக்கு ஒரு பெரிய கண்ணாடி. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கை வாய்க்குப் போனது.

நாற்காலியைச் சாய்த்துவிட்டு, என்ன செய்யப்போகிறேன் என்று பொடிசு சொன்னாள். கீழ் வரிசையில் இருப்பது சாதாரண உலோகக் கிளிப். குறட்டால் அழுத்தினால் வளைந்து கொடுக்கும், பசையை விட்டுவிட்டு வந்துவிடும். மேலே முன்பக்கத்தில் இருக்கும் ஆறும்தான் பீங்கான்.

"பீங்கான் வளையாது அண்ணி. ஒண்ணு அது உடையும், இல்லன்னா பல்லோட மேல்தோலைப் பேத்துக்கிட்டு வரும்."

உங்கள் வீட்டு ஆள்கள் மாதிரி என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் கணவருக்குப் பேசாமலிருக்க முடியவில்லை. சுவரிலிருந்து டைலைப் பெயர்க்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு தட்டுத் தட்டி உடைத்துவிட்டு, ஓரத்தில் உளியைக் கொடுத்து நெம்ப வேண்டும் என்று ஆரம்பித்தார். சூடு காட்டினால் பசை இளகும் என்றார். பொடிசு பொறுமையாகவே பதில் சொன்னாள். சூடு காட்டுகிற முறையும் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் அதிகமாகிவிட்டால் பல்லுக்குள் இருக்கும் நரம்பு தாங்காது. லேசரால் பசையை இளக்கலாம், அந்த இயந்திரத்தின் விலைக்கு இந்தக் கிளினிக்கை விற்க வேண்டும். சிலர் புதினா எண்ணெய் தடவி ஊறவைத்துப் பார்க்கிறார்கள், அவளுக்கு அதில் நம்பிக்கையில்லை. குறட்டை வைத்துக் கிளிப்பின் அடியை இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல நசுக்குவது ஒன்று, வைரத்தூள் பதித்த முனையால் தண்ணீர் விட்டுக்கொண்டே கிளிப்பை அரைத்துத் தள்ளிவிடுவது இன்னொன்று. இந்த இரண்டும்தான் அவள் கைப்பழக்கம்.

"தண்ணி விட்டு அறுக்கிறதா? அது நம்ம வேலையாச்சே" என்று அவர் மலர்ந்தார்.

"அண்ணா, டைல் உடைஞ்சா வேற டைல் வைப்பே. சுவர் பேந்தா பூசிக்குவே. இது பல்லு. இனிமே வாயைத் திறக்காதே, குழாயை மட்டும் பிடி."

உதட்டைப் பிரித்து வைக்கும் பிளாஸ்டிக் வளையம் ஒன்றை என் வாயில் மாட்டினாள். இனி நானும் பேச முடியாது. கீழ் வரிசை உலோகமெல்லாம் பொரி மாதிரி உதிர்ந்தது. இவ்வளவுதானா என்று எனக்குத் தைரியம் வந்தது. பிறகு மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் பஞ்சுச் சுருள் ஒன்றை வைத்தாள். வலது கோரைப்பல்லில் குறட்டை வைத்துக்கொண்டு, "பல்லைக் கடிச்சுக்கோங்க, அண்ணி" என்றாள்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு நாலு முறையாவது யாராவது யாரிடமாவது பல்லைக் கடிச்சுக்கோ என்று சொல்வார்கள். மாமியார் குத்திக் காட்டிப் பேசினால் கணவர் என்னிடம் சொல்வது அதுதான். தையல் ஊசி விரலில் ஏறினால் மாமியார் சொல்வதும் அதுதான். வாடிக்கையாளர் மூன்றாவது தடவையாக ரவிக்கையைப் பிரித்துத் தைக்கச் சொன்னால் எனக்கு நானே சொல்லிக்கொள்வதும் அதுதான். பொறுத்துக்கொள் என்பதைத் தவிர அதற்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஆகவே பொறுத்துக்கொண்டேன். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்து, கண்ணை மூடி, அசையாமல் கிடந்தேன். பஞ்சு எச்சிலை உறிஞ்சத்தான் வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். சுத்தமான பஞ்சு, அதை எதற்கு நசுக்குவானேன் என்று பல் அழுந்தாமல் வாயை வெகு பதவிசாக வைத்துக்கொண்டேன்.

"கடிச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். பெருமையாகத் தலையாட்டினேன்.

டக் என்று ஒரு சத்தம். கிளிப்பின் மேல்பாகம் தெறித்துப் போய் என் கணவரின் கண்ணாடியில் மோதியது. அடிப்பாகம் பல்லிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. பொடிசு அடுத்த பல்லுக்கு வந்தாள், மறுபடியும் அதே கேள்வி, நான் மறுபடியும் தலையாட்டினேன். மறுபடியும் டக். அதுவும் உடைந்தது.

அடுத்தது அந்த விரிசல் பல்.

பொடிசு குறட்டைக் கீழே வைத்துவிட்டாள். மாஸ்க்கை இறக்கினாள். இத்தனை வருஷத்தில் அவள் முகத்தில் நான் பார்க்காத ஒன்று அதில் இருந்தது. பல் கையோடு சேர்ந்து அசைகிறது, ஏனென்று புரியவில்லை, தான் எங்கேயோ தப்புப் பண்ணுகிறோம்போல என்று அவள் அண்ணனிடம் மெதுவாகச் சொன்னாள். இதே மாதிரி அந்தப் பல்லிலும் ஆனால் விரிசலோடு ஒரு சில்லு பெயர்ந்து வந்துவிடும். முன்பல், வாயைத் திறந்தால் முதலில் தெரிகிற பல். இவ்வளவு நாள் கம்பியும் வலியுமாகக் கிடந்தது எல்லாம், ஒரே ஒரு தடவையாவது கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் சிரிக்கத்தான். சில்லு பெயர்ந்த பல்லை வைத்துக்கொண்டு நான் சிரிக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் பஸ்ஸுன்னு சொன்னவ நான்தான் அண்ணி. இந்தப் பல்லையும் நானே உடைச்சேன்னா, என்னை நானே மன்னிக்க மாட்டேன்."

அந்தப் பேச்சை அவள் இதுவரை எடுத்ததே இல்லை. மறந்திருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் குறட்டை எடுத்தாள். இந்தத் தடவை இன்னும் நன்றாகப் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. வளையத்தை நானே கழற்றி அவள் கையில் கொடுத்தேன், பஞ்சையும் எடுத்துத் தட்டில் போட்டேன்.

"இன்னும் எவ்வளவுடி கடிச்சுக்கிறது? உங்க வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து கடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றேன்.

பொடிசு என்னைப் பார்க்கவில்லை. தட்டில் கிடந்த பஞ்சைப் பார்த்தாள். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடையில் வாங்கி வந்த மேனிக்கு உருண்டையாக, வெள்ளையாக இருந்தது. ஒரு பல் தடம்கூட இல்லை.

"அண்ணி, நான் பஞ்சைக் கடிக்கச் சொன்னேன்."

"பல்லைக் கடிச்சுக்கோன்னுதானே சொன்னே?"

"பல்லுக்கு நடுவுல பஞ்சு இருக்குல்ல, அதை அழுத்திக் கடிக்கணும். அப்பத்தான் நான் அழுத்தும்போது பல்லு ஆடாம நிக்கும்."

என் கணவர் கரடி பொம்மை ஏப்ரனோடு சுவரில் சாய்ந்துகொண்டு குலுங்க ஆரம்பித்தார். பொடிசு ஸ்டூலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், வழக்கம்போல என் கை வாய்க்கு ஏறியது. ஏறிய வேகத்தில் விளக்கின் கைப்பிடியைத் தட்டிவிட்டது, விளக்கு ஆடியது. டாக்டர் மறுபடியும் டாக்டராகிவிட்டாள். டிரில் ஓடும்போது இந்தக் கை மேலே வந்தால் கதை கந்தலாகிவிடும், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்காருங்கள் என்றாள். வைத்து உட்கார்ந்தேன். வளையமும் பஞ்சும் மறுபடி வாய்க்குள் போயின.

இடப்பக்கத்து மூன்றும் சொன்னபடி கேட்டன. நான் பஞ்சை நாய் எலும்பைக் கடிப்பதுபோலக் கடித்தேன், அவள் அடியில் பிடித்து மெல்ல நசுக்கினாள், கிளிப் ஒவ்வொன்றும் முழுசாகக் கழன்று கம்பியிலேயே தொங்கியது. கம்பியை வெட்டி அவற்றை எடுத்தாள். உடைந்துபோன இரண்டின் அடிப்பாகத்தையும் அரைத்து எடுத்தாள். அந்த விரிசல் பல்லில் மட்டும் குறட்டையே வைக்கப்போவதில்லை என்றாள். இழுப்பு, நசுக்கல் எதுவும் கூடாது. மேலே இருக்கும் கிளிப் முழுவதையும் தூளாக்கித் தண்ணீரில் கரைத்து விட்டுவிடப் போகிறாள். நேரமாகும், ஆகட்டும். தண்ணீர் நின்றால் பல் சூடாகிவிடும், குழாய் நகர்ந்தால் அவளுக்குப் பல் தெரியாது, நான் அசைந்தால் முனை வழுக்கிப் பல்லில் இறங்கும். எங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொன்னாள். வாயைத் திறக்கக் கூடாது என்று அண்ணனுக்கு மறுபடியும் சொன்னாள்.

டிரில் அழத் தொடங்கியது. வாய்க்குள் சின்ன மழை. பீங்கான் தூள் பாலாகக் கரைந்து குழாய்க்குள் போனது. என் கணவர் குழாயை அசையாமல் பிடித்திருந்தார். அவர் வாயைத் திறக்காமல் இவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை. மூச்சு விட்டுக் கண்ணாடி மங்குகிறதென்று மாஸ்க்கை மட்டும் தாடைக்கு இறக்கிவிட்டிருந்தார்.

நடுவில் பொடிசு நிறுத்தி, கிட்டே குனிந்து பார்த்தாள். இன்னும் ஒரு மெல்லிய தகடுதான் பாக்கி. அந்த இடைவெளியில் அவருக்குச் சும்மா நிற்க முடியவில்லை. குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காக அதை எடுத்து மூக்குக்கு நேரே பிடித்தார். சுர்ர் என்று ஒரு சத்தம். இருபது வருஷமாக எண்ணெய் தடவி வளர்த்த மீசையின் இடப்பாதி குழாய்க்குள் போய்விட்டது.

அதே நொடியில் பொடிசு டிரில்லைப் பல்லில் வைத்தாள். அவள் பார்க்கவில்லை. என் கண் ஓரத்தில் எல்லாம் தெரிந்தது. பேசக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அவர் சத்தமே போடவில்லை. குழாயைப் பிடித்து இழுக்கிறார், மீசையும் கூடவே வருகிறது, மேலுதடும் வருகிறது. ஒரு கண்ணில் தண்ணீர். ரோஸ் ஏப்ரனில் கரடி கையாட்டிக்கொண்டிருக்கிறது.

சிரிப்பு என் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. வைர முனை என் பல்லின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. கை தொடைக்கு அடியில் இருந்தது, அது வெளியே இருந்தாலும் இந்தச் சிரிப்பை மூட அதனால் முடியாது. எனக்கு மிச்சமிருந்தது பஞ்சு ஒன்றுதான். கடித்தேன். பல்லை நிஜமாகவே கடித்து, நிஜமாகவே பொறுத்துக்கொண்டேன். கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. வலிக்கிறதா என்று பொடிசு கேட்டாள். நான் அசையவில்லை. வாயில் தண்ணீர் நிரம்பவே, "குழாய்" என்று கண்ணைத் திருப்பாமல் அதட்டினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார். குழாய் வந்து என் வாயில் சரியாக உட்கார்ந்தது.

டிரில் நின்றது. ஒட்டியிருந்த பசையை வேறு முனையால் சுரண்டினாள், மெருகு போட்டாள். அதன் பிறகு அந்தச் சின்ன விளக்கை எடுத்துப் பல்லின் பின்னால் வைத்தாள். மூச்சு விடாமல் பார்த்தாள். விளக்கை அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"கோடு அன்னிக்கு இருந்த இடத்துலயே இருக்கு அண்ணி. ஒரு நூல்கூட நகரல. பல்லு முழுசா இருக்கு."

வளையத்தையும் பஞ்சையும் எடுத்தாள். பஞ்சு இப்போது அப்பளமாகியிருந்தது. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மீசையில் ஒரு பக்கம் வழக்கம்போலப் படிந்திருந்தது, இன்னொரு பக்கம் ஈரத்தோடு வானத்தைப் பார்த்து நின்றது. அவ்வளவு நேரம் அடக்கி வைத்தது அத்தனையும் ஒரேயடியாக வெளியே வந்தது. சிரித்தேன். வழக்கம்போல வலது கையை எடுக்கப் போனேன், கை வரவில்லை. இவ்வளவு நேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்ததில் மரத்துக் கட்டையாகப் போயிருந்தது. இடது கையும் அப்படியே. வாயை மூட ஒரு வழியும் இல்லாமல், அந்த வெளிச்ச விளக்குக்கு நேரே, மல்லாந்து படுத்துக்கொண்டு அத்தனை பல்லும் தெரியச் சிரித்தேன்.

என் கணவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். டைலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"இத்தனை நாளா இதை எங்கே வச்சிருந்தேம்மா?" என்று மட்டும் கேட்டார்.

பொடிசு கையுறையைக் கழற்றாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது, உதட்டோரத்தில் அந்தப் பழைய வாண்டின் குறும்பும் இருந்தது. என் பல்வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நிதானமாகப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் சீட்டு கிடைச்சுடுச்சு அண்ணி" என்றாள்.

எறும்பு ஊறுவதுபோல என் கைக்கு மெதுவாக உயிர் வந்துகொண்டிருந்தது. முழுசாக வந்ததும் தூக்கினேன். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நேராக நீட்டி என் நாத்தனாரின் காதைப் பிடித்து, அன்றைக்கே திருகியிருக்க வேண்டிய திருகைத் திருகினேன். அவள் வலிக்குது அண்ணி என்றாள். பல்லைக் கடிச்சுக்கோ என்றேன்.